பூட்டி வைத்த ஷூ

முடக்குவாதத்தில் கோணிப்போன கால்விரல்களை ஆபரேஷனில் நிமிர்த்திக் கம்பி குத்தினார்கள். மூன்று மாதம் வீட்டில் கிடந்துவிட்டு, குணசுந்தரி கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குத் திரும்பினாள்.

"இனிமே நின்னுகினு வேலை செய்ய முடியாது சார். நாற்காலி போடுங்க. ஒம்பது வருஷமா கேக்குறேன்."

சூப்பர்வைசர் மோகன்ராஜ் நிமிரவேயில்லை. "நேத்து ஷிஃப்ட் முடியற வரைக்கும் நின்னுகினுதானம்மா இருந்த? மூணு மாசமா நாற்காலின்னு வாயத் தொறக்கல. இன்னிக்கு இன்னா பேஜாரு?"

"நான் ஊட்ல படுத்துகினு இருந்தேன் சார்."

லைனில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் சுமலதா தலையைக் குனிந்துகொண்டாள். "தெனம் பேச்சு குடுத்தேன்க்கா. நீதான் பதிலே சொல்லல."

குணசுந்தரி நொண்டிக்கொண்டே லாக்கருக்குப் போனாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கம்பெனி கொடுத்த புது சேஃப்டி ஷூவை, காலில்கூடப் போடாமல் அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி அவளிடம்தான் இருந்தது.

ஷூவின் அடி தேய்ந்திருந்தது. டாக்டர் செதுக்கி எடுத்த கட்டைவிரல் எலும்பு முன்பு எங்கே துருத்துமோ, அங்கே தோல் புடைத்திருந்தது. உள்ளே கையை விட்டாள். வியர்வை ஈரம் இன்னும் சூடாக இருந்தது.

ஷூவைக் கொண்டுவந்து மோகன்ராஜின் மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு நாற்காலி போடுங்க சார். எனக்கு ஒண்ணு, இதப் போட்டுகினு நின்னவளுக்கு ஒண்ணு."