சமத்து

"உக்காரும்மா! படகு ஆடுதுல்ல?" படகுக்காரர் மறுபடியும் தங்கையை அதட்டினார்.

"இந்த வாலை அடக்கவே முடியலைங்க" என்று அம்மா சிரித்தாள். "அக்காவைப் பாருடி. ஏறினதுலேருந்து எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கா!"

அக்காவுக்கு வயிறு எரிந்தது. திட்டு வாங்குவதிலும் தங்கைதான் முதல். படகில் எல்லார் கண்ணும் அவள்மேல்தான்.

"அக்கா, அங்க பாரு, நீர்க்காகம்! வாயில மீனு!"

எப்படிப் பார்ப்பது? தங்கை மறைத்துக்கொண்டு நின்றாள். அக்கா பலகையில் இரு கைகளையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எக்கினாள். படகு லேசாகச் சாய்ந்தது.

"ஏம்மா சமத்து, நீயும் கிளம்பிட்டியா? உக்காரு!"

அம்மா பதறினாள். "ஐயோ, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவளுக்கு..."

அக்கா அம்மாவின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "சும்மா இரும்மா. என்னைத்தானே திட்டறாரு!"

தங்கையைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். இத்தனை வருஷத்தில் 'உட்காரு' என்று அவளிடம் யாருமே சொன்னதில்லை.

படகுக்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவளைத் தூக்கிப் படகில் உட்கார வைத்திருந்த அப்பா, கரையில் அவளுடைய சக்கர நாற்காலியை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.