செம்பைத் தின்ற ஆயில்

“என்ற வண்டியைக் கொன்னுபோட்டியேடா!”

தங்கசாமி போட்ட சத்தத்தில் புதுச்சத்திரம் ரோட்டோர டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

பக்கத்துப் பட்டறையில் மெக்கானிக் கந்தவேல், பிரித்துப்போட்ட கார் எஞ்சின் முன்னால் தலைகுனிந்து நின்றான். பழைய பேப்பர் மேல் எஞ்சின் பேரிங்குகள் கிடந்தன. உள்பக்கத்துச் செம்பு கரியாய்க் கறுத்து, செதில் செதிலாய்ப் பெயர்ந்திருந்தது. அவற்றில் சுழலும் கிராங்க் தண்டும் போச்சு. இனி அந்த எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

தங்கசாமி கத்தாமல் என்ன செய்வான்? அந்த வாடகைக் கார்தான் அவன் பிழைப்பு. அது நின்றால் வீட்டில் அடுப்பும் நின்ற மாதிரிதான்.

“செம்பை இப்படி அரிச்சிருக்குதே, என்ன ஆயில்டா ஊத்துன?”

கந்தவேல் ஒரு பேரிங்கை எடுத்து முகர்ந்தான். பெஞ்சில் இருந்த தங்கசாமியின் அப்பா சின்னண்ணனை ஒரு தரம் பார்த்தான். முப்பது வருசம் லாரி ஓட்டியவர். கண் மங்கியபின் மகனுடைய காரைத் துடைப்பதும் ஆயில் பார்ப்பதும்தான் அவருக்கு வேலை.

“உடாத சாமி, கேளு! போலி ஆயிலாத்தான் இருக்கும்” என்றார் பெரியவர்.

“ஆமாங்க” என்றான் கந்தவேல். “என்ற தப்புதானுங்க. மலிவாக் கெடைச்சுதுன்னு வாங்கி ஊத்திப்போட்டனுங்க.”

அவ்வளவுதான்.

“சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே பாவி! நீயெல்லாம் உருப்படுவியா? நாசமாப் போயிருவே!”

அதோடு விட்டானா? செல்போனை எடுத்து டாக்சி ஸ்டாண்டு வாட்ஸ்அப் குழுவிலும் பேசி அனுப்பினான்.

“கந்தவேலு போலி ஆயில் ஊத்தறான். ஒருத்தரும் அவன் பட்டறைக்கு வண்டி உடாதீங்க.”

வேலைக்கு நின்றிருந்த இரண்டு கார்களும் கிளம்பிப் போயின.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது சின்னண்ணன் புலம்பினார்.

“நானும் பாத்துப் பாத்துத்தானே சாமி ஊத்துனேன். லாரி கியர் பாக்ஸுக்கு ஊத்தற கெட்டி ஆயில், மாசம் ஒரு டம்ளரு. எஞ்சின் சத்தமில்லாம ஓடோணும்னுதான். எல்லாத்தையும் கெடுத்துப்போட்டானே!”

தங்கசாமி சட்டென்று நின்றான். கியர் ஆயிலா? எஞ்சினுக்கா?

அப்பாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு ஓடினான். ஓடிக்கொண்டே குழுவில் போட்டதை அழித்தான். அதற்குள் ஸ்டாண்டே கேட்டு முடித்திருந்தது.

பட்டறையில் ஒரு வண்டி இல்லை. கந்தவேல் சும்மா உட்கார்ந்திருந்தான்.

“கியர் ஆயில்னு உனக்குத் தெரியுமா?”

“மோந்ததுமே தெரிஞ்சுதுங்க. அதுல கந்தகம் இருக்கும். செம்பை அரிச்சுப்போடும்.”

“அப்பறம் எதுக்குய்யா உன்ற தப்புன்னே?”

“நீங்க இருந்த கோவத்துக்கு, என்னையப் பேசுனதைப் பெத்தவரைப் பேசியிருப்பீங்க. அப்பறம் அதை அழிக்க முடியுமுங்களா?”