செவலை அக்கரை சேர்ந்த விதம்

இரை தேடி வாய்க்காலைத் தாண்டிப் போன செவலை நாய் திரும்பி வருவதற்குள் மழைத்தண்ணீர் பெருகி, மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. எதிர்க்கரையில் அதன் மூன்று குட்டிகளும் பசியில் கத்தின. செவலை அதுவரை நீந்தியதே இல்லை.

கரையில் இருந்த தவளைக்கு மனசு கேட்கவில்லை.

"பயப்படாதே அக்கா. பின்னங்கால் ரெண்டையும் மடக்கி, ஒரே நேரத்துல உதை. எங்க வம்சமே அப்படித்தான் நீந்துது."

செவலை அப்படியே உதைத்துப் பார்த்தது. மூக்கில் தண்ணீர் ஏறியதுதான் மிச்சம்.

"அதெல்லாம் சரிப்படாது" என்று குறுக்கே வந்தது வாத்து. "அசையாம தண்ணி மேல உட்காரு. காலால மட்டும் தள்ளிக்கிட்டே இரு. கடல் தாண்டி வர்ற எங்க சொந்தக்காரங்களும் இப்படித்தான்."

செவலை உட்காரப் பார்த்து, மூழ்கி எழுந்து, இருமிக்கொண்டே கரையேறியது. எது சரியான நீச்சல் என்று மற்ற இரண்டும் சண்டை பிடிக்க ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்து ஒரு குட்டி தாயைத் தேடித் தண்ணீர் விளிம்புக்கே தத்தித் தத்தி வந்துவிட்டது. செவலை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. தவளையும் வாத்தும் சண்டையை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பதறிக்கொண்டு கூடவே நீந்தின. தலை மட்டும் வெளியே தெரிய, நான்கு கால்களும் படபடவென்று அடிக்க, செவலை அக்கரை சேர்ந்து குட்டியைக் கவ்வி மேட்டில் விட்டது.

மூச்சு வாங்கியபடி வாத்து ஆவலாகக் கேட்டது:

"யாரு சொன்ன மாதிரி நீந்தினே அக்கா?"

குட்டியை நக்கிக்கொண்டிருந்த செவலை நிமிர்ந்து பார்த்தது.

"நீந்தினேனா? நான் ஓடித்தானே வந்தேன்!"