லாஸிகளுக்கு ஒரு வாழ்த்து

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும்.

ஸ்காட்லாந்தில், க்ளென்பிரே ஊர்க் கவிஞர் மன்றத்தின் ஆண்டு விருந்து. லாஸிகளை, அதாவது ‘சின்னப் பொண்ணு’ என்று அங்கே அழைக்கப்படும் பெண்களை, வாழ்த்தி ஓர் ஆண் பேசுவார். பதிலுக்கு ஒரு பெண் பேசுவாள். சபையை அதிகம் சிரிக்க வைப்பவருக்கே அடுத்த தலைவர் நாற்காலி. அந்த வருஷம் ஆண்கள் சார்பில் பேச வந்த டூகல்டுக்கு வெகுநாளாக அதன்மேல் ஒரு கண்.

விஸ்கிக் கோப்பையோடு எழுந்தார். “நம்ம ஊர்ல ஏழு வயசுக் குட்டியும் லாஸிதான், எழுபது வயசுக் கிழவியும் லாஸிதான். ஏன்? வயசு ஏறுது, புத்தி ஏறலையே!”

சபை மேசையைத் தட்டிச் சிரித்தது. நாற்காலி கைக்கு வந்துவிட்டதென்றே டூகல்ட் நினைத்தார்.

பதில் சொல்ல ஒரு கிழவி எழுந்தாள். “அதெல்லாம் இல்லீங்க தலைவரே. இந்த ஆம்பளைங்களுக்கு ஒருத்தி பேரும் ஞாபகம் இருக்காது, அதான் எல்லாரும் லாஸி. வேணும்னா என் பேரை இவரைச் சொல்லச் சொல்லுங்க.”

டூகல்ட் வாயைத் திறந்தார். “லா...” என்று ஆரம்பித்து விழுங்கினார்.

“பாவம், விட்டுடுங்க. எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷந்தானே ஆச்சு!”

கூரை அதிரச் சிரிப்பு. நாற்காலி அவளுக்கே போனது.

ஒன்று சொல்ல மறந்தேன்: அந்த மன்றத்துக்குள் இன்றுவரை ஒரு பெண்ணையும் விட்டதில்லை. என் நாக்கு என்னவோ இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.