காகம் எண்ணிய நாரைகள்

ஏரி வற்றியதால் பத்து நாரைகள் ஒரு புளியமரத்துக்குக் குடிவந்து, கூடு கட்டி முட்டையிட்டன. பகல் வெயிலின் சூட்டை நம்பி முட்டைகளை விட்டுவிட்டு இரைதேடப் போய், மாலையில் திரும்பின. மரத்து உச்சியில் இருந்த காகம் மாலையில் வருவதை மட்டும் எண்ணிக் கத்தியது: "இன்னைக்கும் பத்து! நாலு நாளில் நாற்பது வந்தாச்சு!"

"அண்ணே, அதே பத்துதான். காலையில போறதையும் எண்ணுங்களேன்," என்றது தாய் நாரை ஒன்று.

"போறதெல்லாம் ஒரு சேதியா?"

தங்களுக்கு இடமில்லாமல் போய்விடும் என்று மரத்து மைனாக்கள் பயந்துபோய்ச் சட்டம் போட்டன: மாலையில் வரும் நாரைக்கு இனி இடமில்லை. ஒரு கூட்டைக்கூட அவை எட்டிப் பார்க்கவில்லை.

அன்று மாலை திரும்பிய பத்து நாரைகளையும் கொத்தி விரட்டின.

"ஐயோ, என் முட்டைங்க உள்ளே இருக்கு!" என்று கதறியது தாய் நாரை.

"உள்ளேதான் நாற்பது பேர் இருக்கீங்களே, யாராவது அடைகாப்பாங்க. போ!"

நாரைகள் இல்லாத மரத்தில் இரவெல்லாம் முட்டைகள் குளிர்ந்தன. மறுநாள் மாலை உச்சியில் காகம் கத்தியது: "இன்னைக்கு ஒருத்தரும் வரலை. சட்டம் வேலை செய்யுது!"