மாமியாருக்குப் பக்கத்தில் மிக்ஸி

கிட்ட வாங்க கண்ணுகளா, ஜாதகத்துக்குப் பதிலாக மனவலை பார்த்துப் பெண்ணெடுக்கும் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

மனசுக்குள் எந்தச் சொல்லோடு எது ஒட்டியிருக்கிறது என்று திரை காட்டிவிடும். பெண் பார்க்க வந்த இடத்தில், திரையில் விரிந்த நிறைமதியின் மனவலையில் அவள் காதலனின் அம்மா மங்கையர்க்கரசி 'மாமியார்' என்ற சொல்லைத் தொட்டாள். ஏதாவது ஏடாகூடமாக வந்தால் கல்யாணமே நின்றுவிடும். பக்கத்தில் 'மிக்ஸி' என்று மின்னியது.

"ஏம்மா, நான் அவ்வளவு சத்தமாவா பேசுறேன்?"

"ஐயோ அத்தை, நீங்க இல்ல! எங்கம்மா அவங்க மாமியாரைத் திட்டுறப்பல்லாம், வெளிய கேக்கக்கூடாதுன்னு மிக்ஸியை ஓடவிடுவாங்க."

நிறைமதியின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மங்கையர்க்கரசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்கம்மா குழாயைத் திறந்துவிட்டுத் திட்டும். என் வலையில மாமியாருக்குப் பக்கத்துல தண்ணிக்குழாய்தான்டி! தட்டை மாத்துங்க சம்பந்தி."

உங்கள் வீட்டு மிக்ஸி என்றைக்கும் சட்னிக்கு மட்டுமே ஓடட்டும்.