புற்றுவாசலுக்கு வெளியே நின்றவள்

மாதா கோயில் மதிலடியில் ஓர் எறும்புப் புற்று இருந்தது. மழை நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலை உள்ளிருந்து அடைத்தால் மண் கரைந்துவிடும். யாராவது வெளியே நின்று அழுத்தினால்தான் நிற்கும். அப்படி நிற்பவளுக்குத் திரும்பிவர வழியில்லை.

“நொண்டி போகட்டுமே, அவளால் வேறென்ன பிரயோசனம்?” என்றாள் ஒருத்தி. யாரும் மறுக்கவில்லை. கால் ஒடிந்த அந்தச் சிற்றெறும்பு வாசலை நோக்கி நகர்ந்தாள்.

தலைவி எறும்பு அவள் பின்னாலேயே வந்தாள். முதல் தீனியையும் ஆழத்து அறையையும் இத்தனை காலம் கூசாமல் வாங்கிக்கொண்டவள் அவள். சாவென்றால் அவளுக்கும் பயம்தான். முதல் துளி விழுந்து வாசல் அதிர்ந்தது.

“நீ உள்ளே போய் முட்டைகளைப் பாரம்மா” என்று நொண்டியைப் பின்னால் இழுத்துவிட்டு, இருட்டோடு இருட்டாக வெளியேறினாள். மண்ணை அள்ளி அள்ளி வைத்தாள். தண்ணீர் வயிற்றைத் தொட்டது. ஊசிமுனையளவு துவாரம்தான் மிச்சம்.

உள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது: “ஏய் நொண்டி, ஒழுங்காக அடைத்தாயா?”

“அடைத்துவிட்டேன் அக்கா” என்று சொல்லி, கடைசி மண்ணை அழுத்தினாள் தலைவி.